ஜுருவில் இன்னும் விடியவில்லை

"செலாமாட் பாகி! சிதம்பரம் ஆட்டோ உங்களை அன்புடன் வரவேற்கிறது!"

கண்ணாடிக் கதவைத் தள்ளிய மறுநொடியே ஒரு பெண் குரல் காதருகே கொஞ்சியது. அழகு பதறிப்போய்ப் பின்வாங்கினான். கதவு மூடிக்கொண்டது. மறுபடியும் தள்ளினான். குரல் அதே மலாய்க் காலை வணக்கத்தை, அவனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல், அதே கொஞ்சலோடு சொன்னது.

"பகல் பன்னெண்டரைக்குப் பாகியா? ஜுருவுல இன்னும் விடியலை போல, பாஸ்," என்றான்.

"உங்க வயிறு என்ன சொல்லுது, அழகண்ணே?"

"மக்கான் நேரம் வந்து அரை மணி ஆச்சுன்னு சொல்லுதுலா."

"அப்போ விடிஞ்சிருச்சு. உள்ளே நடங்க," என்றாள் தேன்மொழி.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் தேன்மொழியின் துப்பறியும் நிலையம் இருக்கிறது. வருகிற வழக்குகளில் பாதி, புருஷன் எங்கே போகிறான் என்பது. மீதிப் பாதி, மோட்டார் எங்கே போயிற்று என்பது. அழகு முன்பு டாக்சி ஓட்டியவன். கைப்பேசி ஆப்கள் அந்தப் பிழைப்பை விழுங்கிய பிறகு அவளுடைய காடியை ஓட்டுகிறான். அட்டையில் 'உதவியாளர்' என்று போட்டிருக்கும். யாராவது கேட்டால் "மூளை நான், முகம் அவங்க" என்பான். காலையில் வந்த ஒரு போன்தான் இந்தப் புதன்கிழமை அவர்களைப் பினாங்குப் பாலம் தாண்டி ஜுருவுக்கு இழுத்து வந்திருந்தது.

போன் செய்தவர் பட்டறை முதலாளி சிதம்பரநாதன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய மோதிரம். பெயர் அட்டையை நீட்டினார். பெயருக்கு முன்னால் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம் விட்டு அச்சடித்திருந்தது.

"அச்சுல ஏதோ விட்டுப் போச்சுங்களா சார்?" என்று அழகு கேட்டான்.

"டத்தோ பட்டம். வர்ற வருஷம் கிடைக்கும்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. எதுக்கு ரெண்டு தடவை அச்சடிக்கணும்?"

அழகு அட்டையை மிகுந்த மரியாதையோடு சட்டைப் பைக்குள் வைத்தான். இந்த மாதிரி ஆளைப் பார்க்கப் பாலத்துக்கு டோல் கட்டினாலும் தகும் என்று தோன்றியது.

அறையின் கண்ணாடிக்கு அப்பால் பட்டறை தெரிந்தது. மின்சாரக் காடிகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பக்கத்தில் மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அறை நடுவில் ஒரு புத்தம் புதிய கம்ப்யூட்டர். காடியின் வியாதியைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் அதோடு இணைந்திருந்தது. வாசலில் கொஞ்சிய குரலுக்கும் அதுதான் சொந்தக்காரன். புது மாடல் காடி எதைத் தொடுவதானாலும் தயாரிப்பாளரிடமிருந்து அப்டேட் இறக்கியாக வேண்டும். அங்கேதான் வினை.

"பாருங்க," என்று சிதம்பரநாதன் பொத்தானைத் தட்டினார். திரையில் ஒரு கோடு கால்வாசி ஓடி நின்றது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற அர்த்தத்தில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி வந்தது. "வெள்ளிக்கிழமை வாங்கினது. சனிக்கிழமைலேர்ந்து இதே பாட்டு. ஒரு காடி வெளியே போகலை. ஜெயராஜ்னு ஒரு எக்ஸ்பர்ட்டைக் கூப்பிட்டேன். கழுத்துல அட்டை, கையில ரெண்டு போன். கேபிள மாத்தினாரு, மோடத்த மாத்தினாரு. கடைசியில 'உள்ளாள் வேலை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"உள்ளாள் யாரு?"

"குமுதா. நாலு வருஷமா இங்க கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு. சனிக்கிழமை காலையில ரிசைன் லெட்டர் கொடுத்துட்டா. வர்ற திங்கக்கிழமை செபராங் ஜெயாவுல வேற கம்பெனியில சேரப் போறாளாம். போறவ சும்மா போவாளா? பாஸ்வேர்ட மாத்திப் பூட்டிட்டா. சாயங்காலம் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போறேன். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு இவ லட்சணத்தைச் சொல்லப் போறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆதாரம்."

"அவங்க செய்யலைன்னு தெரிஞ்சா?" என்றாள் தேன்மொழி.

"அதைக் கண்டுபிடிக்கவா உங்களைக் கூப்பிட்டேன்?"

தேன்மொழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையின் மேல்விளிம்பில் விபூதிப் பட்டை, பக்கவாட்டில் சந்தனம். கீழே வலது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். அவள் கை அந்தப் பக்கம் போனதும் சிதம்பரநாதன் துள்ளி எழுந்தார்.

"அதைத் தொடாதீங்க! பூஜை போட்டு நானே என் கையால ஒட்டினது. வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு, சுப வேளையில ஆன் பண்ணினேன். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கு. ஒரு நிமிஷம் பிசகலை."

"தொடலை சார்," என்று தேன்மொழி கையை எடுத்துக்கொண்டாள்.

தன் மடிக்கணினியைத் திறந்தாள். பட்டறையின் கணக்கு எண்ணையும் பாஸ்வேர்டையும் அவரிடமே கேட்டு வாங்கித் தட்டினாள். கணக்கு திறந்தது. பட்டறை பெயர், ஸ்கேனர் பெயர், காத்திருக்கும் அப்டேட்டுகள் எல்லாம் வரிசையாக வந்தன.

"கணக்கு உயிரோடதான் இருக்கு. யாரும் எதையும் மாத்தலை, பூட்டலை," என்றாள்.

சிதம்பரநாதன் முகம் சுருங்கியது. உடனே மலர்ந்தது. "அப்போ இதுலேயே இறக்கிக் கொடுங்களேன்!"

"அந்த ஸ்கேனர் தானே கேட்டு வாங்கினாத்தான் கொடுப்பாங்க சார். வேற ஆளு கையில கொடுக்க மாட்டாங்க."

அடுத்து, அழகுவின் போனை வாங்கி அதன் இணையத்தை அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். பொத்தானைத் தட்டினாள். கோடு கால்வாசி ஓடி நின்றது. மறுபடியும் சிவப்பு வரி.

"கணக்குல தப்பில்லை. லைன்லயும் தப்பில்லை. கோளாறு இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு."

"அதைத்தானே நான் சொன்னேன்!" என்று சிதம்பரநாதன் மேசையைத் தட்டினார். "இந்தக் கம்ப்யூட்டரைச் சனிக்கிழமை காலையில தொட்டவ அவ ஒருத்திதான்! எழுதிக் கொடுங்க, எழுதிக் கொடுங்க!"

அழகுக்கு வயிற்றுப் பசி மறந்துபோயிற்று. குற்றவாளி என்று அவர் சொல்லும் பெண்ணைக் காப்பாற்றப் போய், அவள் கழுத்தில் கயிற்றை நாமே மாட்டிவிட்டோமே என்று இருந்தது. தேன்மொழியோ தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

குமுதா பட்டறை ஓரத்தில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது என்று உத்தரவாம். அழுது முடித்த கண்கள்.

"சனிக்கிழமை முதல் எரர் வந்த உடனே என்னை வெளியே தள்ளிட்டாரு, அக்கா. என்ன கோளாறுன்னு பார்க்கக்கூட விடலை."

"சாயங்காலம்தான் ரிப்போர்ட் கொடுக்கப் போறாராம். அதுக்குள்ள பார்த்துடலாம்," என்றான் அழகு, ஆறுதலாக.

"எந்தச் சாயங்காலம், அண்ணே? காலையில எட்டு மணிக்கே அந்தக் கம்பெனிக்குப் போன் அடிச்சிட்டாரு." கைப்பேசியை நீட்டினாள். வேலை நியமனம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விசாரித்துச் சொல்கிறோம் என்று செய்தி. "எங்கம்மாவோட மருத்துவச் செலவு, வீட்டுக் கடன், எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான். இனிமே பினாங்கு பூரா என் பேரு திருடின்னு ஆயிடும்."

அழகுக்கு ரத்தம் கொதித்தது. ஆதாரம் வேண்டும் என்று ஆளை அழைத்துவிட்டு, ஆள் வந்து சேருவதற்குள் தண்டனையையும் கொடுத்து முடித்திருக்கிறார் மனிதர். மோதிரம் போட்ட விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருக வேண்டும்போல் இருந்தது.

"வெள்ளிக்கிழமை பூஜை நடந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்று தேன்மொழி கேட்டாள்.

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ச்சல்னு எம்சி லீவு போட்டேன். ஆனா காய்ச்சல் இல்லை. செபராங் ஜெயாவுல இன்டர்வியூவுல இருந்தேன். அதைச் சொன்னா இன்னும் மோசமாயிடும்னு பேசாம இருக்கேன்."

"அட, மெஷின் வந்த அன்னைக்கு நீங்க இங்க இல்லவே இல்லையா? பொய்க் காய்ச்சலாலே பிழைச்சிருக்கீங்க! இப்படி ஒரு எம்சிய நான் பார்த்ததே இல்லை," என்றான் அழகு. குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைமை மெக்கானிக் பஷீர் கையைத் துடைத்தபடி வந்தார். "அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்கலா. அவ நல்ல பொண்ணு."

"வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு, பாய்?"

"என்ன நடந்துச்சு? மெஷினை ஏத்திக்கிட்டு வந்த லோரி பாலத்து ஜாம்ல மாட்டிக்கிச்சு. வந்து சேர்றப்போ பதினொண்ணு. முதலாளி தலையில கைய வெச்சுக்கிட்டாரு. ஜோசியருக்குப் போன் போட்டாரு. அப்புறம் எங்களையெல்லாம் வெளியே நிக்கச் சொல்லிட்டு, உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு மந்திரம் சொன்னாரு. பூஜை முடிஞ்சு கற்பூரம் காட்டுறப்போ எனக்கு ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. வடை கூடச் சாப்பிடாம பள்ளிவாசலுக்கு ஓடினேன்."

"வடை போச்சா? பாவம் பாய்," என்று அழகு உண்மையிலேயே வருந்தினான்.

அப்போது பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பஷீர் கையைக் கழுவக் கிளம்பினார். அதே நேரத்தில், தன் காடி தயாரா என்று கேட்க வந்த ஒரு சீனப் பெண்மணி கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"செலாமாட் பாகி!" என்றது குரல்.

"இந்த மெஷினுக்கு யாராவது ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கலா," என்றான் அழகு. "பாங்கு சொல்லியாச்சு. இன்னும் பாகியாம்."

தேன்மொழி அப்படியே நின்றாள். பாங்கு வந்த திசையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அழகுவைப் பார்த்த பார்வையில், அவன் இத்தனை வருடங்களில் கண்டிராத ஒரு பாசம் இருந்தது.

"அழகண்ணே, சில நேரத்துல நீங்க உண்மையாவே மூளைதான்."

"நான் என்ன சொன்னேன்?"

 தேன்மொழி குமுதாவின் காதில் குனிந்து ஏதோ ஒன்று கேட்டாள். குமுதா விழித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "அய்யோ, அதுவா! அப்படி இருந்தா கண்டிப்பா விடாதுக்கா!" என்றாள்.

மூவரும் அறைக்குள் நுழைந்தபோது சிதம்பரநாதன் பேனாவோடு தயாராக இருந்தார். "ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். பிள்ளையாருக்குப் பின்னாடி இருக்கு."

"என்னது?"

"ஸ்டிக்கரை எடுக்கணும். நான் தொட மாட்டேன், நீங்களே எடுங்க. இங்க வந்த எக்ஸ்பர்ட் ஜெயராஜ் கூட அடுத்தவங்க சாமியாச்சேன்னு தொடாம போயிருப்பாரு. இந்த அறைக்கு வர்ற யாருமே தொட மாட்டாங்க. அது உங்களுக்கு நல்லாத் தெரியும்."

சிதம்பரநாதன் அசையவில்லை. குளிரூட்டிய அறையில் அவர் நெற்றி விபூதி கரைந்து கண்ணுக்குள் இறங்கியது.

"அந்த மூலையில கம்ப்யூட்டரோட கடிகாரம் இருக்கும்," என்றாள் தேன்மொழி. "இப்போ மணி ஒண்ணேகால் தாண்டியாச்சு. ஆனா உங்க வாசல்ல இருக்கிற குரல் இன்னும் காலை வணக்கம் சொல்லுது. ஏன்னா கம்ப்யூட்டருக்கு இன்னும் பன்னெண்டே ஆகலை. யாரோ ஒரு மணி நேரத்துக்கும் மேல பின்னாடி தள்ளி வெச்சிருக்காங்க. லோரி வந்ததே பதினொண்ணுக்குன்னா, மெஷினை எப்படி சார் பத்து இருபதுக்கு ஆன் பண்ணினீங்க?"

அழகுக்கு இப்போதுதான் விளங்கியது. "பாஸ்! இவரு ராகு காலத்தைத் தாண்டிப் பின்னாடி போயிருக்காரு! டாக்சியில நான் இப்படி ரிவர்ஸ் எடுத்ததே இல்லை!"

"அதுக்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிதம்பரநாதன் கத்தினார். குரலில் வீரம் இருந்தது, உடம்பில் இல்லை.

"இந்த மெஷின் அப்டேட் கேட்கிறப்போ, கேட்ட நேரத்தையும் சேர்த்து அனுப்பும். அந்தப் பக்கத்து சர்வர் அதைத் தன்னோட கடிகாரத்துல வெச்சுப் பார்க்கும். அவ்வளவு நேரம் பழசா இருந்தா, எவனோ பழைய அனுமதியைத் திருடிக்கிட்டு வந்து நிக்கிறான்னு கதவைச் சாத்திடும். நாலு நாளா உங்க மெஷினை அது திருடன்னு நினைக்குது. நீங்க குமுதாவைத் திருடின்னு நினைக்கிறீங்க."

"ராகுவை ஏமாத்தப் பார்த்தீங்க சார்," என்றான் அழகு. "ராகு பாவம், பேசாம இருந்துட்டாரு. சர்வர்தான் விடலை."

 சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல் விஷயத்தையே தட்டிவிட்டார்.

"சரி, சரி. ஏதோ சாமி காரியம். தெரியாம நடந்துபோச்சு. குமுதா, நேரத்தைச் சரி பண்ணு. சீக்கிரம் அப்டேட் போடு. காடிக்காரங்க திட்டறாங்க."

மன்னிப்பு என்ற சொல் வரும் என்று அழகு காத்திருந்தான். வரவில்லை. குமுதா நகரவில்லை.

"முதல்ல போன், சார். அப்புறம்தான் கடிகாரம்," என்றாள்.

"எந்தப் போன்?"

"காலையில அடிச்சீங்களே, அந்தப் போன். அதே கம்பெனிக்கு, அதே ஆளுக்கு. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க."

சாயங்காலம்தான் போன் செய்யப்போவதாகத் தங்களிடம் அளந்தது சிதம்பரநாதனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தேன்மொழியின் முகத்தைப் பார்க்காமல் தன் கைப்பேசியைத் தடவினார்.

"பேசறேன். பேச மாட்டேன்னு சொல்லலை. ஆனா இப்போ வேணாம். ஒண்ணரை வரைக்கும் ராகு காலம். பாருங்க, ஆப்ல போட்டிருக்கு."

அழகு கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். மேலே சின்ன எழுத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. சுவரில் மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. அதன் பக்கத்தில் போய் நின்றான். வெள்ளிக்கிழமைக்கு நேராக விரலை வைத்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பாஸ், இந்த ஆப் காரைக்குடியில இருக்கு! அங்க சூரியன் எழுந்திருக்கிற கணக்குல ஓடுது. இங்க நாள்காட்டியில பினாங்கு நேரம் போட்டிருக்கான். வெள்ளிக்கிழமை ராகு காலம் பதினொண்ணே முக்காலுக்குத்தான் ஆரம்பம்!"

"அப்படின்னா லோரி வந்தப்போ..." என்றாள் குமுதா.

"நல்ல நேரம்! அப்பவே ஆன் பண்ணியிருந்தா ஒரு வம்பும் இல்லை. இவரு ஜோசியருக்குப் போன் போட்டு, கதவைச் சாத்தி, கடிகாரத்தைத் திருகி, பூஜை முடிச்சு, பஷீர் பாய் ஜும்ஆவுக்கு ஓடற நேரமாப் பார்த்து, அசல் பினாங்கு ராகு காலத்துல ஆன் பண்ணியிருக்காரு!"

சிதம்பரநாதன் நாற்காலியில் விழுந்தார். குமுதா மேல் பழி போட்டபோது சலனமே காட்டாத முகம் அது. இப்போதுதான் நிஜமாகவே ஏதோ பாவம் செய்துவிட்டதைப்போல் வெளுத்தது. அதைப் பார்க்க அழகுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"போன் அடிங்க சார்," என்றாள் தேன்மொழி, மிக இனிமையாக. "உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி இன்னும் பன்னெண்டே ஆகலை. ராகு காலம் தொடங்கவே இல்லை. நீங்களே வெச்ச நேரம்தானே, அதை நீங்களே நம்பலைன்னா எப்படி?"

அவர் போன் அடித்தார். காலையில் சொன்னது தவறு என்றார். என்ன தவறு என்று மறுமுனை கேட்டது. மென்று விழுங்கினார். தேன்மொழி தன் மடிக்கணினியைத் திறந்து, போலீஸ் ரிப்போர்ட்டுக்கு அவர் கேட்ட ஆதாரத்தை எழுதத் தொடங்குபவள்போல் தட்டினாள். அந்தச் சத்தம் வேலை செய்தது. கோளாறு தன் கையால் வந்தது, அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை, நாணயமானவள் என்று மூன்றையும் சொல்லி முடித்தார். மறுமுனை நன்றி சொன்னது. திங்கட்கிழமை குமுதாவை எதிர்பார்ப்பதாகச் சொல்லி வைத்தது.

குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளையாரைப் பக்குவமாக உரித்து, கண்ணில் ஒற்றி, திரைக்கு மேல் நடுவில் ஒட்டினாள். நேரத்தைத் திருத்தினாள். பொத்தானைத் தட்டினாள். கோடு கால்வாசி ஓடியது, பாதி ஓடியது, முழுக்க ஓடியது. கண்ணாடிக்கு அப்பால் மெக்கானிக்குகள் கைதட்டினார்கள்.

"குமுதா," என்றார் சிதம்பரநாதன். குரல் புதிதாக நெய் ஊற்றியதுபோல் இருந்தது. "இங்கேயே இரு. சம்பளத்தைக் கூட்டித் தர்றேன். போற இடத்துல எப்படியோ என்னவோ. திங்கக்கிழமை நேரமும் அவ்வளவு நல்லா இல்லை."

குமுதா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாள்காட்டிக்குப் போய்த் திங்கட்கிழமையைப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்குச் சேரணும் சார். பினாங்கு நேரப்படி சுத்தமான ராகு காலம்," என்றாள். "அதுலேயே போய்ச் சேர்றேன். நாலு வருஷமா உங்க நல்ல நேரத்துலதானே இருந்தேன்."

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"செலாமாட் தெங்ஙா ஹாரி!" என்றது குரல்.

"அப்பாடா, மத்தியான வணக்கம்!" என்றான் அழகு. "ஜுருவுல விடிஞ்சிருச்சு, பாஸ். வாங்க, சாப்பிடப் போகலாம்."